பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே பராமரிப்பது எப்படி? பாகப் பொருத்தம் முதல் மேம்பாடு வரை முழுமையான வழிகாட்டி

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்று ரோட்டில் ஓடும் 800 எதுவாக இருந்தாலும் பத்து வயதைத் தாண்டியது. பாதிக்கு மேல் இருபதையும் தாண்டியிருக்கும். இத்தனை வயதான வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து சர்வீஸ் செய்வதில் பெரிய பொருள் இல்லை. மீட்டரில் 50,000-தான் காட்டுகிறது, தாத்தா ஓட்டிய வண்டி, கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார் என்று சொல்லி விற்பார்கள். ஓடாமல் நின்ற வண்டியில்தான் ஹோஸ் பைப் வெடித்திருக்கும், பிரேக் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், டேங்குக்குள் துரு பிடித்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: வண்டி எது என்று சரியாக அடையாளம் காண்பது, திரவங்களையும் ரப்பரையும் புதுப்பிப்பது, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேம்பாடு. பிரேக் பாதி பிடிக்கும் வண்டிக்கு அலாய் வீல் வாங்குபவர்களுக்கு இது உதவாது.

முதலில் உங்கள் வண்டி எந்த 800 என்று பாருங்கள்

'மாருதி 800' என்று ஒரே பெயரில் பல வண்டிகள் உண்டு. 1986-க்கு முந்தைய முதல் உருவம் வேறு. அதன் பாடி பாகங்கள் எதுவும் பிந்தையதற்கு ஒத்துவராது. அதற்குப் பின் வந்த, நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய உருவத்திலேயே கார்பரேட்டர் வண்டி, எம்பிஎஃப்ஐ வண்டி (கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்று இரண்டு. எம்பிஎஃப்ஐ-யிலும் நான்கு கியரோடு ஆறு வால்வ் இன்ஜின் கொண்டது ஒன்று, ஐந்து கியரோடு பன்னிரண்டு வால்வ் இன்ஜின் கொண்டது இன்னொன்று. மூன்று சிலிண்டர், 796 சிசி என்பது எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பொது அளவை நம்பித்தான் பலர் தப்பான பாகம் வாங்கி வருகிறார்கள்.

பானட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் படியுங்கள். எஃப்8பி என்று தொடங்கினால் ஆறு வால்வ் இன்ஜின், எஃப்8டி என்றால் பன்னிரண்டு வால்வ். அது ஆர்சி புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இன்ஜின் மாற்றப்பட்ட பழைய வண்டிகள் ஏராளம். எண் ஒத்துவரவில்லை என்றால் மற்ற செலவெல்லாம் அப்புறம், முதலில் அந்தச் சிக்கலைத் தீருங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு மாதம், ஆண்டு இந்த நான்கையும் போனில் படமாக வைத்துக்கொண்டால் கடையில் பாதிப் பேச்சு மிச்சம்.

பாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கக் காரணம், இந்த இன்ஜின் குடும்பம் 800-ஓடு சாகவில்லை. ஆம்னி 2019 வரை ஓடியது; ஆல்டோ 800 என்ற பெயரில் பன்னிரண்டு வால்வ் இன்ஜின் 2023 வரை வந்தது.

கருவிகளும் பாதுகாப்பும்

10, 12, 14, 17, 19 அளவு ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும், பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச். இதற்கு மேல் வேண்டியதை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

13-ஐ ஏன் விட்டேன் என்றால், ஜப்பானிய வழக்கப்படி 8 மி.மீ. போல்ட்டின் தலை 12. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. உங்கள் வண்டியில் 13 ஸ்பேனர் பொருந்தும் போல்ட் இருந்தால், யாரோ ஒருவர் ஏற்கெனவே அங்கே கைவைத்து, ஒரிஜினலைத் தொலைத்திருக்கிறார் என்று பொருள். இதைவிட முக்கியம் மரையின் இடைவெளி. ஜப்பானிய வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 1.25 பிட்ச். ஹார்டுவேர் கடையில் சும்மா கேட்டால் தருவது 1.5. முதல் இரண்டு சுற்று கையில் போகும், மூன்றாவதில் பிடிக்கும். 'டைட்டா இருக்கு' என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுத்தால் அலுமினிய ஹவுசிங்கில் திரெட் போய்விடும். எந்த போல்ட்டும் முதல் நாலைந்து சுற்று விரலால் போகவேண்டும். போகாவிட்டால் அது அந்த இடத்துப் போல்ட் இல்லை.

வீல் நட்டிலும் இதே கதை. சுசுகி வண்டிகளில் 12 மி.மீ., பிட்ச் 1.25. மற்ற பல ஜப்பானிய வண்டிகளில் அதே 12 மி.மீ., பிட்ச் 1.5. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

வண்டியின் கூடவே வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. அதை மட்டும் நம்பி அடியில் தலை வைக்காதீர்கள். சமமான தரை, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸின் உறுதியான இடத்தில் ஜாக்கி ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போடுவது. இவை நான்கும் இல்லாமல் அடிப்பக்க வேலை வேண்டாம்.

வாங்கிய வாரமே மாற்ற வேண்டியவை

பழைய ஓனர் என்ன சொன்னாலும் சரி, இவற்றை ஒருமுறை மாற்றிவிட்டு, தேதியை நோட்டில் எழுதிவிட்டு, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

1. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகு. மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இரண்டரை லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை டிப் ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். தேய்ந்த கார்பரேட்டர் இன்ஜினுக்கு நம் வெயிலில் 20டபிள்யூ-40 போதும். விலை கூடிய சின்தெடிக் ஆயில் இதற்குத் தேவையில்லை. பழைய சீல்களில் அது கசியத் தொடங்கினால் புதுத் தலைவலி. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

2. பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும், உள்ளே துரு பிடிக்கும். ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவேண்டும். டாட் 3 அல்லது டாட் 4 போடலாம். சிலிக்கான் வகையான டாட் 5 கூடவே கூடாது. பாட்டிலைத் திறந்து ஆறு மாதம் அலமாரியில் கிடந்த மிச்சத்தை ஊற்றாதீர்கள்.

3. கியர் ஆயில், கூலண்ட், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பிளக் மூன்று.

4. டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் தேய்ந்ததை முன்கூட்டிச் சொல்லும் சத்தம் எதுவும் வராது, ஒருநாள் அறுந்து நடுரோட்டில் நிறுத்தும். டென்ஷனர் பேரிங், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து மாற்றுங்கள். பெல்ட் வேலையை முதல் தடவை தெரிந்த மெக்கானிக்கோடு நின்று செய்வது நல்லது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. பிறகு அந்தக் குறையைக் கார்பரேட்டரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரப்பரும் எத்தனால் பெட்ரோலும்

இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 800 வடிவமைக்கப்பட்ட காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வண்டி உடனே வெடித்துவிடும் என்று பரவும் வீடியோக்களை விடுங்கள். நடப்பது மெதுவாக நடக்கும். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். கார்பரேட்டரின் பேக்கிங், நீடில் வால்வின் முனை, மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், டேங்கிலிருந்து வரும் ஹோஸ் ஆகியவைதான் முதலில் மாட்டும்.

செய்யவேண்டியது இது. எல்லா பெட்ரோல் ஹோஸையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மேலே தெரியும் அரையடி ஹோஸை மட்டுமல்ல, டேங்க் பக்கத்தில் உள்ளவற்றையும், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த குழாயையும். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும் வகையைத் தேடி வாங்குங்கள். உள்சுவர் எத்தனாலைத் தாங்கும். ஆர்7 என்பது கார்பரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கானது. எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் தரும் அழுத்தம் பல மடங்கு அதிகம், அதில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரண ஹோஸைப் போட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். கிளாம்ப்பும் ஹோஸைக் கடிக்காத வழவழப்பான விளிம்பு கொண்டதாக இருக்கட்டும்.

இன்னொன்று, எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. அதனால் அதே அளவு எரிபொருளுக்குக் கலவை 'லீன்' ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைகிறது. எம்பிஎஃப்ஐ-யில் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்து ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்குக் கண் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஆக்சிலரேட்டர் கொடுத்தவுடன் ஒரு நொடி திணறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் ஐடிலிங் மட்டும் சரியாகும், ஓட்டத்தில் உள்ள குறை போகாது. மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் பழைய பெட்ரோலை டேங்கில் அப்படியே விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். தகர டேங்கின் அடி அரிப்பது அங்கிருந்துதான்.

கார்பரேட்டர் வேலை

மாருதிக்கு வந்த மிக்குனி வகைக் கார்பரேட்டர்களைச் செய்தது சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஆலை வைத்திருக்கும் யூகால் நிறுவனம். ரிப்பேர் கிட் இன்றும் கிடைக்கிறது. முழுக் கார்பரேட்டர் மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள், பத்தில் எட்டு வண்டிக்குக் கிட் போதும்.

கழற்றும் முன் ஒவ்வொரு வாக்கூம் ஹோஸுக்கும் நிற டேப் சுற்றி, நாலு பக்கமும் படம் எடுங்கள். மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்பக்கம் திருப்பி, அது உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விடக்கூடாது. பித்தளைத் துளை கால் மில்லிமீட்டர் அகண்டாலே மைலேஜ் போச்சு. கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரசர் காற்றும் போதும். எதிர்ப்பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

கார்பரேட்டரைக் குறை சொல்லும் முன் இக்னிஷனை முடித்துவிடவேண்டும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. பிளக் வாங்கும்போது பிராண்டு மாற்றினால் வெப்ப எண்ணைக் கவனியுங்கள். என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக்; பாஷ்-இல் எண் கூடினால் சூடான பிளக். 'அதே நம்பர்தான் சார்' என்று தருவது நேர் எதிராக இருக்கலாம். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் கழற்றிப் பாருங்கள். காய்ந்த பழுப்பு நிறம் இருந்தால் நலம். கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக ஆயில் பளபளத்தால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. அதைக் கார்பரேட்டரால் சரிசெய்ய முடியாது, கம்ப்ரஷன் பார்க்கவேண்டும்.

கூலிங்: நம் ஊர் மெக்கானிக்குகளோடு ஒரு சண்டை

பழைய 800-இன் பெரும் எதிரி ஓவர்ஹீட். இன்ஜின் சின்னது, சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், பேக்கிங் போகும், மூன்று நாள் வேலை. ஆனால் இதற்கு நம் ஊரில் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு, 'நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே, கழட்டிப் போட்டுடலாம்' என்பது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ். பாதிக்கும் மேற்பட்ட பழைய வண்டிகளில் அது இருப்பதே இல்லை.

கழற்றினால் என்ன ஆகும்? இன்ஜின் தன் வெப்பநிலைக்கு வர வெகுநேரம் ஆகும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும், ரிங் தேயும். எம்பிஎஃப்ஐ-யில் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தந்துகொண்டே இருக்கும். மைலேஜ் குறைகிறது என்று வருபவர்களில் பலருக்கு நோய் இதுதான். உண்மையில் கொதிப்பதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ, ஓடாத ஃபேனோ, அழுத்தம் பிடிக்காத மூடியோதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தக் காரணம் கொஞ்ச நாள் மறைகிறது, அவ்வளவே.

சோதிப்பது எளிது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் அச்சடித்த வெப்பநிலையை, பெரும்பாலும் 82 அல்லது 88, நெருங்கும்போது வால்வ் மெல்லத் திறந்து, கொதிநிலைக்குள் முழுக்கத் திறக்கவேண்டும். தண்ணீர் குதிக்கும்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கட்டும்; காற்று வெளியேறும் சின்னத் துளை மேற்பக்கம் வரட்டும்.

அடுத்து ஃபேன். கார்பரேட்டர் வண்டியில் தெர்மோ சுவிட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, இரு முனையையும் ஒரு வயர் துண்டால் இணையுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார் நலம், சுவிட்ச் போயிருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று அந்த வரிசையில் தேடுங்கள். எம்பிஎஃப்ஐ-யில் ஃபேனை ஓட்டுவது கம்ப்யூட்டர் என்பதால் இந்த வயர் விளையாட்டை அங்கே காட்டவேண்டாம்.

ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்புதான் அதன் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. டிஸ்டில்டு வாட்டரில் கூலண்டைக் கலந்து ஊற்றுங்கள். கூலண்ட் கொதிநிலையைக் கூட்டுவதோடு அலுமினியம் அரிக்காமலும் பார்க்கும். பழைய வண்டியில் முதல் தடவை முழுக்க மாற்றும்போது ஹீட்டரைச் சூடான பக்கம் திருப்பி வையுங்கள், அதிலுள்ள பழைய தண்ணீரும் காற்றும் வெளியேறும். மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

பிரேக்

பின் டிரம்மைத் திறந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ரப்பர் மட்டும் மாற்றலாம் என்பார்கள். உள்சுவரில் துருக்குழி இருந்தால் முழு சிலிண்டரையே மாற்றுங்கள், அதையும் இரண்டு பக்கமும். ஷூவில் ஆயில் பட்டிருந்தால் கழுவிப் போடும் வேலை வேண்டாம்.

பிளீடிங் (பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது) செய்ய இன்னொருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள், நம் வலக்கை வண்டியில் அது இடது பின்சக்கரம். அவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் அந்தச் சக்கரத்தில் காற்றை வெளியேவிடும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே அவர் காலை எடுக்கவேண்டும். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்து காற்று புகுந்தால் முதலிலிருந்து. துருப்பிடித்த நிப்பிளை முறுக்கி உடைக்காதீர்கள். முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். வேலை முடிந்ததும் தெருவிலேயே மெதுவாக நாலு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும்.

பாகம் வாங்குவது: 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற பேச்சு

சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. கடைக்காரர் வாயில் முதலில் வரும் வாக்கியம், 'ஆல்டோவுக்கும் எண்ணூறுக்கும் ஒண்ணுதான் சார், கண்ண மூடிட்டுப் போடுங்க.' சில பாகங்களுக்கு அது உண்மை, சிலவற்றுக்கு அப்பட்டமான பொய். பிரித்தறிய வழி பாக எண்தான்.

மாருதி எண்ணின் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 16510 ஆயில் ஃபில்டர், 13780 ஏர் ஃபில்டர், 17400 வாட்டர் பம்ப், 17670 தெர்மோஸ்டாட், 12761 டைமிங் பெல்ட். அடுத்து வரும் 'எம்' எழுத்துக்குப் பின்னால் உள்ளவை எந்த மாடலுக்கானது, எத்தனையாவது திருத்தம் என்பதைக் குறிப்பவை. முன்னால் உள்ள ஐந்து மட்டும் ஒத்துப்போனால் அது அதே வேலையைச் செய்யும் பாகம், அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கானது என்று பொருள் இல்லை. பழைய பாகத்தின் மேலுள்ள எண்ணைத் துடைத்துப் படித்து எழுதிக்கொண்டு போங்கள். எண் அழிந்திருந்தால் பாகத்தையே பையில் போட்டு எடுத்துப் போங்கள், வெட்கம் வேண்டாம்.

எதை நம்பலாம்? ஆயில் ஃபில்டர் 800, ஆம்னி, ஆல்டோ மூன்றுக்கும் ஒன்றே. ஆம்னியும் ஆறு வால்வ் 800-ம் இன்ஜினின் உள்பாகங்களில் நெருங்கிய உறவு. ஆனால் 800-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியில் நெடுக்காக, சீட்டுக்கு அடியில் இருந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆகவே கியர்பாக்ஸ், மவுண்டிங், சைலன்சர் பைப், கேபிள்கள் எதுவும் மாறிப் பொருந்தாது. பன்னிரண்டு வால்வ் ஆல்டோவின் ஹெட், வால்வ், ஹெட் பேக்கிங் ஆகியவற்றை ஆறு வால்வ் இன்ஜினுக்கு வாங்காதீர்கள். சிசி ஒன்றுதானே என்ற வாதம் இங்கே செல்லாது.

தரத்தில் மூன்று அடுக்கு உண்டு. மாருதி டப்பாவில் வருவது. அதே மாருதிக்குச் செய்து தரும் கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்பது. ஸ்டார்ட்டருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற நம் ஊர்க் கம்பெனிகள் இதில் அடக்கம். மூன்றாவது பெயரில்லாத லோக்கல். என் கணக்கில் இரண்டாவதுதான் காசுக்கு ஏற்ற சரக்கு. கதவுக் கைப்பிடி, வைப்பர் கை, மட்கார்டு லைனர் போன்றவற்றுக்கு லோக்கல் போதும். பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், பெட்ரோல் லைன் இவற்றில் லோக்கல் பக்கமே போகாதீர்கள்.

புதுப்பேட்டையில் வாங்கத் தகுந்தவை கண்ணாடி, கதவு, டேஷ்போர்டு, சீட், டிரம், கம்ப்யூட்டர். வாங்கக் கூடாதவை ரப்பர் உள்ள எதுவும், தேயும் எதுவும். கம்ப்யூட்டர் வாங்கும்போது பெட்டி மேலுள்ள எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். புது மாஸ்டர் சிலிண்டரை வாங்க முடியாமல் பழையதை வாங்குபவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பணத்தை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

மேம்பாடு 1: ஹெட்லைட் ரிலே

800-க்குச் செய்யும் மேம்பாடுகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ரிலே என்பது, உள்ளிருக்கும் காயிலுக்குச் சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச். அதிக வாட் பல்பு வாங்கும் முன் ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் அளங்கள். 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இப்போது எரிகிற பல்பின் பின்புற முனைகளில் அளங்கள். 12-க்குக் கீழே காட்டினால், வித்தியாசம் முழுவதும் பழைய வயரிலும் சுவிட்ச்சிலும் வெப்பமாகப் போகிறது. பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பழைய வண்டியின் விளக்கு மஞ்சளாக இருப்பதன் ரகசியம் இதுவே.

எச்4 பல்பில் மூன்று கால். ஒன்று பொது, மற்ற இரண்டும் லோ, ஹை. 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் 10. வேலை இப்படி:

1. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 2.5 சதுர மி.மீ. வயரில், ரிலேயின் 30-ஆம் முனைக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். லோவுக்கு ஒரு ரிலே, ஹைக்கு ஒரு ரிலே, இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ்.

2. ரிலேயின் 87-இலிருந்து இரு பக்கப் பல்புகளின் புதிய செராமிக் ஹோல்டருக்கு.

3. புதிய ஹோல்டரின் பொது முனையை, பெயிண்ட் சுரண்டிய பாடித் தகட்டில் எர்த் செய்யுங்கள்.

4. பழைய ஹோல்டர்களில் ஒன்றை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொது முனையும் லோ முனையும் முதல் ரிலேயின் 85, 86-க்கு. பொதுவும் ஹையும் இரண்டாவது ரிலேயின் 85, 86-க்கு.

நான்காவது படியில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில ஜப்பானிய வழி வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பொது முனையில் எப்போதும் பாசிட்டிவ் வரும். கடையில் விற்கும் ரெடிமேட் ரிலே செட், பொது முனை எர்த் என்று நினைத்துச் செய்யப்பட்டது என்பதால் அத்தகைய வண்டியில் வேலை செய்யாது. மேலே சொன்னபடி காயிலை பழைய ஹோல்டரின் இரு முனைகளுக்கு நடுவே மாட்டினால் எந்தப் பக்கம் சுவிட்ச் இருந்தாலும் ஓடும். டையோடு வைத்த ரிலேயை மட்டும் வாங்காதீர்கள்.

இதற்குப் பின் சாதாரண 60/55 பல்பே போதும் என்று தெரியும். 100 வாட் பல்பு சட்டப்படியும் தப்பு, ரிஃப்ளெக்டரையும் கருக்கும், எதிரே வருகிறவர் கண்ணையும் குத்தும்.

மேம்பாடு 2: டயரும் வீலும்

பிந்தைய 800-களின் அளவு 145/70 ஆர்12. இதன் முழு விட்டம் 508 மி.மீ. ஆல்டோவின் 145/80 ஆர்12 அதே ரிம்மில் ஏறும், விட்டம் 537 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போகும், கிலோமீட்டர் குறைவாக ஏறும். கியர் சற்று நீண்டதுபோல் ஆகி, மேட்டில் இழுவை குறையும். தரையிலிருந்து உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடும். கிராமத்துச் சாலையில் ஓட்டுபவர் அந்த உயரத்துக்காகப் போடுகிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். 155/65 ஆர்12 கிடைத்தால் விட்டம் 506. மீட்டர் கணக்கு மாறாது.

அலாய் வீலுக்கு நாலு நட், நட்டு வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. சந்தையில் 100 மி.மீ. வட்டத்து வீலும் கொட்டிக்கிடக்கிறது. 'கொஞ்சம் துளையைப் பெருசாக்கிக்கலாம்' என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

டயர் உற்பத்தித் தேதியை டயரின் பக்கவாட்டு நாலு இலக்கத்தில் படியுங்கள். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். 800 அதிகம் ஓடாத வண்டி என்பதால் பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமலே டயர் வயதாகிவிடும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

மேம்பாடு 3: ஐந்தாவது கியர்

பைபாஸில் 80-இல் போகும்போது நான்கு கியர் 800 கத்தும். ஐந்து கியர் 800 அல்லது ஆல்டோவின் கியர்பாக்ஸைப் போடுபவர்கள் உண்டு. செய்வதென்றால் கியர்பாக்ஸ் மட்டும் வாங்காதீர்கள். ஆக்சில், கியர் லிங்க், மவுண்டிங், கிளட்ச் செட், மீட்டர் கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாக வரவேண்டும். ஒன்றொன்றாகத் தேடினால் பாதியில் நின்றுவிடும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இது வீண் செலவு. அந்தப் பணத்தில் நாலு ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் மாற்றினால் வண்டி புதிதுபோல் உட்காரும்.

ஆர்டிஓ பக்கம்

தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும், பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. அதன்பின்னும் திருத்தங்கள் வந்திருப்பதால் கட்டும் நாளில் பரிவாகன் தளத்தில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றும் எந்த மாற்றத்தையும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றினால் ஆர்சியில் ஏற்றவேண்டும், வண்ணம் மாற்றினாலும் அப்படியே. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் முன் ஹாரன், எல்லா விளக்கும், வைப்பர், ஹேண்ட் பிரேக், சேஸிஸ் எண் படிக்கும்படி இருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் மெதுவாகத் துணியாலும் மண்ணெண்ணெயாலும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணின் ஓரம் மழுங்கிவிட்டால், அதை விளக்கிச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.